புழுப்பெட்டிக்குள் பூசணிக்காய்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. அக்கா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை. மனிசன் இறந்து நாலு வருடமாகிறது. இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து அவரைப் புகழத் தொடங்கினால், "ஓம், ஓம், ஊருக்கெல்லாம் நல்லவர்" என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவார்.

ஒஸ்லோவில், அம்மருட்டில் எங்கள் கட்டடத்தில் அவர்கள் மூன்றாம் மாடி, நாங்கள் ஒன்பதாம் மாடி. நாங்கள் குடிவந்த முதல் கிழமை, பனி கொட்டிக் கிடந்த ஒரு நாள், வாசல் கதவடியில் என் கையிலிருந்த பச்சையரிசிப் பை வெடித்தது. ஐந்து கிலோ. வெள்ளைப் பனியில் வெள்ளை அரிசி. எது அரிசி எது பனி என்று தெரியாமல் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பஸ் தரிப்பிடத்துப் பக்கமிருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர், "ஐயோ, என்ரை பிழை!" என்றார்.

"நீங்கள் கிட்டவே நிக்கேல்லையே அண்ணை" என்றேன்.

"கொஞ்சம் எட்டி நடந்திருந்தால் கதவைப் பிடிச்சிருப்பன் பிள்ளை. பிழை என்ரைதான்" என்று சொல்லிக்கொண்டே குந்தியிருந்து கையால் அரிசி அள்ளத் தொடங்கிவிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு அள்ளினார். விரல்கள் சிவந்து போயின. எனக்கு அரிசி போன கவலை போய், இந்த மனிசனுக்கு விரல் விறைத்துவிடப் போகிறதே என்ற கவலை வந்தது.

அவர் அவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதே கதைதான், அரிசி மட்டும் வேறு.

கோயில் அன்னதானத்தில் சாம்பாருக்கு உப்புக் கூடினால், மூலையில் இருந்து கத்தரிக்காய் வெட்டிய இவர் "என்ரை பிழை" என்பார். வசந்தத்தில் கட்டடத்து ஆட்களெல்லாம் சேர்ந்து வளவு துப்புரவாக்கும் டுக்னாட் நாளில் மழை பெய்தால், அந்தத் திகதிக்குக் கையுயர்த்தியவர்களில் தானும் ஒருவன் என்று நோர்வேக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். மனிசன் பகிடிக்குச் சொல்வதில்லை.

நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கண்ணாடி மேசை, கீழே வெளிச்சம். மேலே தோலுரித்த மீன் துண்டை விரித்தால் சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழு கறுப்பாகத் தெரியும். கத்தி நுனியால் அதைக் கிள்ளி எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் அதுதான் வேலை. "இருவது வயசிலை புழு எடுத்தனான், அறுவது வயசிலை புழு வளக்கிறன்" என்பார். அவர் சொல்கிற ஒரே பகிடி அது.

அவரோடு அங்கே வேலை செய்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்தபோது சொன்னார். ஒரு பெட்டி மீன் புழுவோடு வெளியே போய்த் திரும்பி வந்ததாம். மேற்பார்வையாளர் எல்லாரையும் வரிசையில் வைத்து யார் என்று கேட்டாராம். பெட்டி நிரப்பியவர் யாரென்று எல்லாத் தமிழருக்கும் தெரியும், அன்றைக்குக் காய்ச்சலோடு வேலைக்கு வந்த ஒருவர். இவர் ஒரு அடி முன்னே வைத்து "நான்" என்றாராம். ஒரு மாதம் மேசை வேலையை விட்டுத் தள்ளித் தரை கழுவ விட்டார்கள். "காய்ச்சல்காரன் நன்றி சொன்னவரோ?" என்று நான் கேட்டேன். வந்தவர் யோசித்தார். "இல்லை தங்கச்சி. அதுக்குப் பிறகு அவன் இவரோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை" என்றார். அப்போது எனக்கு அந்தக் காய்ச்சல்காரனில்தான் கோபம் வந்தது. எனக்கு என்ன தெரியும்.

ஓய்வூதியம் எடுத்த பிறகுதான் மண்புழு வளர்ப்பு. கட்டடத்தின் நிலக்கீழ் தளத்தில் சலவை அறைக்குப் பக்கத்தில் பழைய சைக்கிள்கள் கிடக்கிற அறை ஒன்று. அதன் மூலையில் நாலு பிளாஸ்டிக் பெட்டி வைக்க நிர்வாகக் குழுவிடம் அனுமதி வாங்கியிருந்தார். மணக்கக்கூடாது, யாரும் முறைப்பாடு சொல்லக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. மூன்று வருடமாக ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. மழை பெய்த தோட்டத்து மணம் மட்டும்தான் அந்த மூலையில் இருக்கும்.

பெட்டிக்குள் நனைத்த முட்டை மட்டை, கிழித்த கடதாசி, வாழைப்பழத்தோல், பொடித்த முட்டைக்கோது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்திலிருந்து காலையில் வடித்த கோப்பிச் சக்கையை அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் கறுத்து, கோப்பித்தூள் போல உதிர்ந்துவிடும். அதை ஒரு தட்டில் குவித்து மேலே மேசை விளக்கைப் பிடிப்பார். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் அடிக்கு ஓடும். மேலே இருப்பதை வழித்தெடுப்பார். கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு வழி. கடைசியில் தட்டில் ஒரு பிடி சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்துகொண்டிருக்கும். அவற்றைப் புதுப் பெட்டிக்கு மாற்றுவார்.

மண்புழு உரம் என்று மரியாதையாக எழுதலாம். அவர் சொன்ன சொல் "புழுப்பீ". நோர்வேக்காரர் தக்காளிக்கு வாங்கிப் போவார்கள், எங்கள் ஆட்கள் மிளகாய்க்கும் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும். ஒஸ்லோவில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனால் முதலில் யன்னலடியைப் பார்க்க வேண்டும். கறிவேப்பிலைக் கன்று நிமிர்ந்து நின்றால் அந்த வீட்டுக்காரி பேசுகிற விதமே வேறு. என்னுடையது ஐந்தாறு இலையோடு தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அம்மா சொன்னபடி புளித்த மோரும் அரிசி கழுவிய தண்ணியும் ஊற்றிக்கொண்டேயிருந்தேன். ஊரில் முற்றத்து மரத்துக்கு ஊற்றுவது. இது ஒரு சாண் சட்டி. மண் புளித்து, சின்னக் கறுப்பு இலையான்கள் வீடு முழுக்கப் பறந்தன.

அவர் வந்து சட்டிக்குள் விரலை விட்டார், மணந்தார், முகத்தைச் சுளித்தார். "என்ரை பிழை. நீர் வந்த நேரமே ஒருக்கா வந்து பாத்திருக்க வேணும்" என்றார். பழைய மண்ணைத் தட்டி, புது மண்ணில் நட்டு, ஒரே ஒரு பிடி புழுப்பீயை மேல் மண்ணோடு பிசறிவிட்டார்.

"இவ்வளவுதானோ அண்ணை? இன்னும் கொஞ்சம் போடுங்கோவன்."

"காணும். இரண்டு மாசத்துக்கு ஒரு பிடி. கூடப் போட்டால் ஈரத்தைப் பிடிச்சு வைச்சு வேரை அழுகப்பண்ணும். மார்கழி தையிலை போடவே வேண்டாம். வெளிச்சம் இல்லை, மரம் நித்திரை. நித்திரை கொள்ளுற பிள்ளைக்கு ஆரும் சோறு தீத்துவினமோ?"

அந்தக் கோடையில் என் கறிவேப்பிலை என் இடுப்பளவு வந்தது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் நான் கேட்பேன். பெட்டிகளுக்கு மேலே சுவரில் தமிழிலும் நோர்வேஜியனிலும் எழுதி ஒட்டியிருந்தார்: தேசிக்காய் வேண்டாம், வெங்காயம் வேண்டாம், மிளகாய் வேண்டாம், சமைத்தது வேண்டாம். நாலையும் பாடமாக்கி வைத்திருந்தேன். பாடமாக்கி என்ன பிரயோசனம்?

அந்தக் கார்த்திகை மாதம் நாங்கள் புதுக் கார் எடுத்தோம். மின்சாரக் கார். என் கணவர் கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரிடம் அர்ச்சனை செய்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, எல்லாம் முறையாக முடித்தார். தேசிக்காய்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மனம் கேட்கவில்லை. கண்ணூறு கழிக்கப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நீத்துப்பூசணி எங்கே கிடைக்கிறது? ஹலோவீன் கழிந்து கடையில் மிஞ்சிக் கிடந்த மஞ்சள் பூசணியை வாங்கி, குங்குமம் பூசி, மேலே ஒரு கை கற்பூரத்தைக் கொளுத்தி, காரைச் சுற்றி, கார்த் தரிப்பிடத்தில் போட்டு உடைத்தேன். மகள் மேலே யன்னலில் நின்று, "அம்மா, ப்ளீஸ், ஆக்கள் பாக்கினம்" என்று கத்தினாள்.

கழித்த பொருளை யாரும் மிதிக்கிற இடத்தில் போடக்கூடாது. வீட்டுக் குப்பைக்குள்ளும் வைக்கக்கூடாது. ஓடுகிற தண்ணியில் விட வேண்டும், இல்லையென்றால் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். ஆற்றுக்குக் கொண்டுபோனால் யாராவது பொலிசுக்கு அறிவிப்பார்கள். குளிரில் மண் உறைந்து இறுகிவிட்டது. ஒருவரும் மிதிக்காத மண் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். நாசமாய்ப் போன புத்தி, சரியாக அங்கே போய் நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்பார்கள். நான் புழுப்பெட்டிக்குள் மறைத்தேன். நாலு நசிந்த தேசிக்காய், உடைந்த பூசணித் துண்டுகள், உருகி ஒட்டிய கற்பூரம், குங்குமம், எல்லாவற்றையும் கொண்டுபோய் இரண்டு பெட்டிக்குள் தாட்டு, மேலே கடதாசி போட்டு மூடிவிட்டு வந்தேன். சுவரில் ஒட்டியிருந்ததை வாசித்துக்கொண்டுதான் தாட்டேன். அது சமையல் தேசிக்காய்க்குத்தானே, இது சாமித் தேசிக்காய் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

அடுத்த நாள் காலை சலவை அறையிலிருந்து ஒரு கூக்குரல். நாலாம் மாடி நோர்வே மூதாட்டி முதல் நாள் மாலையே வெள்ளை விரிப்புகளைக் கூடையில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கற்பூரமும் புளிப்பும் பொறுக்காமல் பெட்டியை விட்டு வெளிக்கிட்ட புழுக்கள், கதவிடுக்கால் சலவை அறைக்குப் போய், தரை, சுவர், கூடை, விரிப்பு எங்கும் ஏறியிருந்தன. பாவம் அந்த மனுசி, கதிரையில் ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவரில் ஒரு குற்றமும் இல்லை.

நான் ஓடிப்போனபோது அண்ணை ஏற்கனவே முழங்காலில் நின்று ஈரக் கடதாசியால் புழுக்களை ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரிந்தது எனக்கு விளங்கியது. அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பிறகு பையை எடுத்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் கூடிய ஆட்களிடம் நோர்வேஜியனில் சத்தமாக, "என்னுடைய பிழை. மட்டையைக் கூட நனைத்துவிட்டேன்" என்றார்.

அந்தக் கிழமையே கூட்டம் வைத்தார்கள். கட்டடத்துப் பொது அறையில் பதினைந்து பேர்வரை வந்திருந்தோம். நிர்வாகக் குழுவின் தலைவி ஏழாம் மாடியில் இருக்கிறவர், நூலகத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், நிதானமான மனுசி. என்ன நடந்தது என்று கேட்டார். இவர் எழும்பி, தான் கவனக்குறைவாக இருந்துவிட்டதாகவும், குழு என்ன முடிவெடுத்தாலும் ஏற்பதாகவும் சொன்னார். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: வெட்கம். கார்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பதையும் பூசணிக்காயில் நெருப்பு வைப்பதையும் அந்தப் பதினைந்து முகத்துக்கு முன்னால் நோர்வேஜியனில் எப்படிச் சொல்வது? கூட்டத்தில் வைத்து முடிவு சொன்னார்கள். பெட்டிகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியே போக வேண்டும். வெளியே என்றால் கார்த்திகைக் குளிர். பெட்டி இரண்டு இரவில் கட்டியாகிவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. வீட்டுக்குள் வைக்க அக்கா விடமாட்டார். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அவர் தலையாட்டினார்.

அடுத்த நாளிலிருந்து அவர் மூடி போட்ட வாளிகளில் புழுக்களைப் பிரித்துப் போட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். மூன்று வருடமாக அவரிடம் உரம் வாங்கியவர்கள்தான் எல்லாரும். ஒருவருக்கு ஒவ்வாமை, ஒருவருக்குச் சின்னப்பிள்ளை, ஒருவருக்கு இடமில்லை. பீ வேண்டும், புழு வேண்டாம். ஒரு வாளி எங்கள் வீட்டுக்கும் வந்தது. எடுத்துக் குளியலறையில் வைத்தேன். என் கணவர் பல் தீட்டும்போதெல்லாம் அதைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பெரும்பகுதி இன்னும் பெட்டியிலேயே கிடந்தது.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல் ஏழாம் மாடிக்குப் போய்த் தலைவியின் மணியை அடித்தேன். தேசிக்காய், பூசணி, கற்பூரம், கார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டு முடிய என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நல்ல மனம் உனக்கு" என்றார். "அவரைக் காப்பாற்றப் பார்க்கிறாய். ஆனால் அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே. பெட்டிக்குள் பூசணிக்காய் எதுவும் இருக்கவில்லை, நான் நேரே போய்ப் பார்த்தேன்."

இருந்திருக்காதுதான். கோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனவர் இருக்கிறாரே.

தலைவி அதை யாருக்கோ சொல்ல, அவர் யாருக்கோ சொல்ல, வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். "அந்த மனிசன் விட்ட பிழையை நீங்கள் உங்கடை தலையிலை போடப் பாத்தனீங்களாம். உங்கடை மனசு ஆருக்கு வரும்!" நான் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் அடக்கமும் பிடித்துப்போனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். இங்கே பழி அவரிடம், பாவம் என்னிடம், அதற்கு மேலே புண்ணியமும் என்னிடம்!

சனிக்கிழமை பின்னேரம் நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார். அவர் யன்னலடியில் இருந்து வாளி மூடிகளில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எழும்புங்கோ. என்னோடை மேலை வாங்கோ. அது நான் செய்தது எண்டு அந்த மனுசிக்குச் சொல்லுங்கோ."

"முடிஞ்ச கதை பிள்ளை. பெட்டிக்கு நான் பூட்டுப் போட்டிருக்க வேணும். என்ரை பிழைதான்."

எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. "பூட்டுமில்லை, சாவியுமில்லை! நான் வாசிச்சுக்கொண்டு நிண்டு தாட்டனான் அண்ணை. எழுத்துத் தெரியாதவள் இல்லை. நீங்கள் செய்ததாலை எனக்கு ஊரெல்லாம் நல்ல பேர். நான் அந்தப் பேரை வைச்சு என்ன செய்யிறது? என்ரை பிழையை என்னட்டைத் தாங்கோ!"

அவர் ஆணியைக் கீழே வைத்தார். அப்போதுதான் குசினி வாசலில் நின்ற அக்கா வாய் திறந்தார்.

"கேளும் பிள்ளை, நல்லாக் கேளும். முப்பத்தொரு வருசமா இந்த வீட்டிலை எனக்கு ஒரு பிழை விடக் கிடைக்கேல்லை. கறி அடிப்பிடிச்சால், அடுப்பு வாங்கினவர் அவராம். நான் கோவத்திலை என்ரை தங்கச்சியோடை கதையாமல் விட்டதுக்கும் அவர்தான் காரணமாம். சண்டை பிடிக்க ஏலாது, அழ ஏலாது. சின்னப்பிள்ளையளுக்குத்தான் ஆக்கள் அப்பிடிச் செய்யிறது." பிறகு அவரைப் பார்த்து, "எங்களையும் வளந்த மனிசரா ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ" என்றார்.

அக்கா அழுதார். நானும் அழுதேன். கோபத்தில் வருகிற அழுகைதான், ஆனாலும் அழுகை. அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். "வாரும்" என்றார்.

தலைவி கதவைத் திறந்து எங்களைக் கண்டதும் சிரித்தார். நான் பேசப் போக, அண்ணை கையால் மறித்தார். நெற்றி வியர்த்திருந்தது. எனக்கே போதும் என்றிருந்தது. பிறகு வலது கையை உயர்த்தி, சுட்டு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, நோர்வேஜியனில் சொன்னார்.

"இவர். இவர்தான் போட்டவர். என் பெட்டியைப் பழுதாக்கினவர் இவர். நான் இல்லை."

கேட்டு வாங்கியதுதான். ஆனாலும் முகம் பற்றி எரிந்தது. அவர் நிறுத்தாமல் சொன்னார். எத்தனை தேசிக்காய், எத்தனை துண்டு பூசணி, எந்தப் பெட்டியில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, எல்லாம். தலைவி சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்படியென்றால் ஏன் நீங்கள் என்று சொன்னீர்கள்?"

அவர் நீட்டிய விரலை மடக்கிக் கையை இறக்கினார். தலைவி என் பக்கம் திரும்பி, மூதாட்டியிடம் நானே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், சலவை அறையை நானே கழுவ வேண்டும், பெட்டிகளுக்கு இறுக்கமான மூடி வாங்க வேண்டும் என்றார். குழுவோடு பேசுவதாகவும், சித்திரை வரைக்கும் பெட்டிகள் அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். அவரைப் பார்க்காமலே கதவைச் சாத்தினார்.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. "பெரிய உபகாரம் அண்ணை" என்றேன்.

"நன்றி சொல்லாதையும்." லிஃப்டுக்கு முன்னால் நின்று வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தார். "நான் உம்மைக் காட்டிக் குடுத்திட்டன்."

"ஐயோ அண்ணை, இது நாலு தேசிக்காய்!"

"ஊரிலை ஒருக்கா ஆமி எங்களை வரிசையிலை நிப்பாட்டினவங்கள்" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "முகத்தை மூடின ஒருத்தனைக் கொண்டுவந்து ஒவ்வொருத்தருக்கும் முன்னாலை விட்டவங்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டு போவாங்கள். எனக்கு முன்னாலை வந்து நிண்டவன். ஆட்டேல்லை. பக்கத்திலை நிண்ட பெடியனுக்கு ஆட்டினவன்." கையை இன்னும் இறுக்கிப் பொத்தினார். "அந்தப் பெடியனைக் கொண்டு போகேக்கை, நான் இல்லை எண்டு எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, பிள்ளை..."

லிஃப்ட் வந்தது, இரண்டு பேரும் ஏறினோம். அவர் கையை விடாமல் பொத்திக்கொண்டே நின்றார். மூன்றாம் இலக்கத்தை நான்தான் அழுத்தினேன்.